கானா கேசட்டுக்கு அனுமதி வாங்கிய கதை

கேசட் டெக்கின் மூடியைக் கழற்றியதும் உள்ளே பெல்ட்டைக் காணோம். பெல்ட் இருந்திருக்க வேண்டிய இடத்தில் தார் உருகி வழிந்த மாதிரி கறுப்பாக ஒரு கோடு. விரலை வைத்தேன், பிடித்துக்கொண்டது. அன்று ராத்திரி சோறு பிசையும்போதும் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு போகவில்லை. இருபது வருஷம் ஓடாமல் கிடந்தால் ரப்பர் இப்படித்தான் ஆகும்.

இந்த வேலையில் என்னை இழுத்துவிட்டது சித்தி. சித்தப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். பாட்டு லிஸ்ட்டை எழுதி வெற்று கேசட்டோடு கொடுத்தால் மறுநாள் சாயங்காலம் பதிந்து தருவார். அதுதான் தொழில். ஆசை வேறு. எங்கே கானாக் கச்சேரி நடந்தாலும் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடுவார். யாரும் கேட்டதில்லை, பத்து காசு வரும்படியும் கிடையாது. பாடுகிறவர் பக்கத்தில் குந்திக்கொண்டு விடிய விடியப் பதிவார்.

அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கேசட் பெட்டி கொருக்குப்பேட்டையில் சித்தி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். சித்தி முதலில் பரணில் தூக்கிப் போட்டது ரேஷன் கார்டு, ஆதார் இருந்த பையை. அடுத்தது இந்தப் பெட்டியை. அதற்குள் அடி வரிசை நனைந்துவிட்டது.

“நீதான் மிசின் வேலை பாக்குறியே, எடுத்துனு போய் ஓடுதான்னு பாரு” என்றார். நான் சிசிடிவி மாட்டுகிறவன். கேசட் டெக்கைக் கடைசியாகத் திறந்தது ஐடிஐ படித்தபோது. ஆனாலும் சித்தியிடம் அதைச் சொல்ல முடியுமா.

மொத்தம் 63 கேசட். அதில் 52 சினிமாப் பாட்டுத் தொகுப்பு, பெரும்பாலும் பதியச் சொல்லிவிட்டு யாரோ வாங்காமல் போனவை. மிச்சம் 11 கானா. லேபிளில் சித்தப்பா கையெழுத்தில் இடம், தேதி: காசிமேடு, வியாசர்பாடி, கல்மண்டபம், 1989 முதல் 1996 வரை. ஆள் பெயர் பாதியில் இல்லை. அவருக்கு எல்லாரையும் தெரியும், எழுத வேண்டியது இல்லை என்று நினைத்திருப்பார்.

பெல்ட்டுக்கு வருகிறேன். அந்தத் தாரை எடுக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் காது குடையும் பஞ்சுக் குச்சியும் போதும், பொறுமைதான் வேண்டும். பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லி ஒன்றுக்கு முப்பது குச்சி போனது. பழைய பெல்ட் உருகிவிட்டதால் அளவு எடுக்க வழியில்லை. பெல்ட் ஓடும் பாதையில் ஒரு நூலைச் சுற்றி, நூலின் நீளத்தை அளந்து, அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்தேன். மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கி ரிச்சி தெரு போனால் கலந்த அளவில் பெல்ட் செட் ஒன்று பாக்கெட்டில் கிடைத்தது. அதே கடையில் நாடாவை அழுத்தி ஓட்டும் பிஞ்ச் ரோலரும் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்து, “இன்னும் இது இருக்குதா சார்?” என்றார். இல்லை. பழைய ரோலரையே ஆல்கஹால் கொஞ்சமாகத் தொட்டுத் துடைத்து, மேல்தோலை மிக நைசான உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துப் போட்டேன். ஓடுகிறது.

ஓடியது, ஆனால் பாட்டு சோம்பேறித்தனமாக வந்தது. வேகம் குறைவு. முதலில் ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன். கச்சேரியில் ஆம்பிளிஃபயர் இரைச்சல் பதிந்திருக்கும், அது கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ், அதை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அதிர்வெண் படமாகப் போட்டுப் பார்த்தால் வேகம் எவ்வளவு தப்பு என்று தெரிந்துவிடும். பார்த்தேன், 47-க்குப் பக்கத்தில் நின்றது. அப்புறம்தான் உறைத்தது: 90-களில் நம் ஊர் கரண்ட்டே 50-இல் நின்றதில்லை, பீக் நேரத்தில் 48, 49 என்று இறங்கிக் கிடந்த காலம். டெக்கின் தப்பு எவ்வளவு, மின்வாரியத்தின் தப்பு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? அந்த வழி வேண்டாம் என்று விட்டேன். கடையில் விற்ற ஒரிஜினல் சினிமா கேசட் ஒன்று பெட்டியில் இருந்தது. அதில் ஒரு பாட்டு 4 நிமிடம் 30 விநாடி என்று அச்சிட்டிருந்தது. என் டெக்கில் 4 நிமிடம் 41. மோட்டாரின் பின்பக்க ஓட்டைக்குள் சின்ன ஸ்க்ரூ டிரைவரை விட்டு, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பி, 4.30-க்குக் கொண்டுவர ஒரு சாயங்காலம் ஆனது.

நாடாவைப் படிக்கும் ஹெட்டின் பக்கத்தில், அதன் சாய்வைத் திருத்த இருக்கும் அசிமத் ஸ்க்ரூவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சித்தப்பாவின் டூ-இன்-ஒன்னின் ஹெட் எந்தச் சாய்வில் நின்றதோ அதே சாய்வில் என் ஹெட்டும் நின்றால்தான் மேல்சுருதி கேட்கும். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே திருப்ப வேண்டும். ஒரு இடத்தில் டேப் மேளத்தின் ஓரத்தில் விழும் விரல் நகத்தின் ‘டிக்’ திடீரென்று வெளியே வந்தது. 34 வருஷத்துக்கு முன்னால் காசிமேட்டில் யாரோ ஒருவருடைய நகம். நான் ஸ்க்ரூவை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். கானா மேளத்துக்கும் டேப் என்றுதான் பெயர் என்பதை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்; இந்தக் கட்டுரையில் இனி டேப் என்றால் மேளம், பதிவு நாடாவை ரீல் என்கிறேன்.

நனைந்த நான்கு கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. மூக்கை மூடிக்கொண்டு, மொட்டைமாடியில் வைத்துத்தான் திறந்தேன். பூஞ்சையோடு நல்ல டெக்கில் போட்டால் அடுத்த கேசட்டுக்கும் ஏறிவிடும். டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஃபேன் காற்றில் நிழலில் காயவைத்து, ஐந்து ஸ்க்ரூ போட்ட வேறொரு கூட்டுக்குள் ரீலை மாற்றினேன். மூன்று பிழைத்தது. ஒன்று சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது, இழுத்தால் பழுப்புப் பூச்சு கையோடு வருகிறது. அதை நிறுத்திவிட்டேன். அறுந்த இடத்தை செலோடேப்பால் ஒட்டாதீர்கள், அதன் பசை நாளைக்குக் கசிந்து பக்கத்துச் சுற்றையும் கெடுக்கும்.

கணினியில் பதிந்தது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக. ஒரு மணி நேர கேசட்டுக்கு ஏறக்குறைய 1 ஜிபி. பிறகு அதை ஃப்ளாக் என்ற சுருக்க வடிவத்துக்கு மாற்றினால் பாதிக்குப் பக்கத்தில் இறங்குகிறது, ஒலியில் ஒரு துளியும் போகாது. இரைச்சல் நீக்கும் வேலை எதையும் மூலக் கோப்பில் செய்யவில்லை.

சரி, எல்லாம் கணினிக்குள் வந்தாயிற்று. இனி இணையத்தில் ஏற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். அந்த எண்ணத்துக்கும் முதல் கோப்பை ஏற்றியதற்கும் நடுவில் ஏழு மாதம்.

நான் ஒன்றும் பெரிய யோக்கியன் இல்லை. பர்மா பஜாரில் தட்டில் அடுக்கிய விசிடி வாங்கி வளர்ந்தவன். மெமரி கார்டு வந்த பிறகு செல்போன் கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்து “ஃபுல்லா ஏத்திக் கொடுணே” என்று நின்றவன். அப்படி ஏற்றிய கார்டில்தான் ஒரு நாள் அந்தப் பாட்டைக் கேட்டேன். சித்தப்பா கேசட்டில் சின்ன வயதில் கேட்ட அதே பாட்டு, அதே வரி, வேறு குரல். கோப்பின் பெயர் ‘ராயபுரம் நியூ கானா 07’. பாட்டுக்கு முன்னால் செல்போன் கடையின் பெயரும் நம்பரும் ஒரு பெண் குரலில். கடைக்குப் பெயர் இருக்கிறது, பாட்டைக் கட்டியவருக்கு இல்லை. அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. இப்போது ஃப்ளாக் கோப்புக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தபோது, நானும் அதையே செய்யப்போகிறேன் என்று பட்டது.

அதனால் சட்டத்தைப் படித்தேன். பதிப்புரிமைச் சட்டம், 1957. கேசட்டில் இருப்பது ஒரு பாட்டு என்று நாம் நினைக்கிறோம், சட்டம் அதைப் பொளந்து நாலாக்குகிறது. வரிகள் எழுதியவருக்கு ஒன்று, மெட்டுப் போட்டவருக்கு ஒன்று. இரண்டும் அவர் இறந்த பிறகும் 60 ஆண்டு. பதிவு என்பது தனி. அது பதிவு செய்ய முன்கை எடுத்தவருக்கு, அதாவது சித்தப்பாவுக்கு. அதற்கும் 60 ஆண்டுதான், ஆனால் வெளியிட்ட வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து எண்ண வேண்டும். கட்டிலுக்கு அடியிலேயே கிடந்த பதிவுக்கு அந்தக் கடிகாரம் ஓடவே ஆரம்பிக்கவில்லை. நாலாவது, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் உள்ள நிகழ்த்துநர் உரிமை. 1994 திருத்தத்தில் வந்து, இப்போது 50 ஆண்டு. யாரும் எந்த அலுவலகத்திலும் போய்ப் பதிவு பண்ணத் தேவையில்லை, ‘காப்பிரைட்’ என்று எழுதிப் போடவும் தேவையில்லை. பாடி முடித்ததும் தானாக ஒட்டிக்கொள்கிறது.

ஆக, என் சித்தப்பா பெட்டியில் இருக்கிறது என்பதால் அது என்னுடையது ஆகாது. சித்தியுடையதும் முழுக்க ஆகாது. நாலில் ஒரு பங்குதான் எங்கள் வீட்டில் இருக்கிறது.

முதலில் 52 சினிமா கேசட்டை மூட்டை கட்டி ஓரம் வைத்தேன். அதில் நாம் செய்ய ஒன்றும் இல்லை. அடுத்து, பதினொன்றில் ஒட்டிப்போனது போகப் பத்து. அதில் ஒன்று வியாசர்பாடியில் ஒரு பதினாறாம் நாள் காரியத்தில் பதிந்தது. இறந்தவரின் பெயர், அவர் எப்படிப் போனார், யார் யார் அழுதார்கள் எல்லாம் பாட்டில் வருகிறது. விசாரித்துக் கொண்டுபோய் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். மகன் முழுதாகக் கேட்டார். முடிந்ததும், “எனக்கு ஒரு காப்பி குடுங்கண்ணே. வேற யாருக்கும் வேணாம்” என்றார். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். சட்டப்படி அவருக்கு அந்தப் பாட்டில் உரிமை ஏதாவது இருக்கிறதா என்றால் அநேகமாக இல்லை. அதற்காக அவர் சொன்னதை மீறுவதா?

மிச்சம் ஒன்பது கேசட், 74 பாட்டு. இங்கேதான் நான் எதிர்பார்க்காத முட்டுச்சந்து. கானாவில் பாதிக்கு மேல் சினிமா மெட்டு. வரி சொந்தம், மெட்டு கடன். எம்.சி. ரோட்டில் துணி வாங்க வந்து ஏமாந்தவன் கதையை உருகும் காதல் பாட்டு மெட்டில் வைத்துப் பாடுவதில்தான் கானாவின் கிண்டலே இருக்கிறது. மெட்டை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டு நொண்டி. ஆனால் மெட்டு இன்னொருவர் சொத்து. காது கொடுத்துப் பிரித்ததில் 41 பாட்டு சினிமா மெட்டு என்று தேறியது.

அதிலும் ஒன்று பழைய சினிமா இசையமைப்பாளர் ஜி. ராமநாதன் மெட்டு. அவர் 1963-இல் மறைந்தார். 60 ஆண்டு கணக்குப் போட்டால் 2023 முடிவோடு மெட்டின் மேல் உரிமை தீர்ந்தது. ஆஹா என்று துள்ளினேன். விக்கிப்பீடியாவுக்கான படம், ஒலி எல்லாம் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாமா என்று விதிகளைப் பார்த்தால், அங்கே அமெரிக்கச் சட்டப்படியும் தீர்ந்திருக்க வேண்டும். 1996 ஜனவரி 1 அன்று இந்தியாவில் உரிமை உயிரோடு இருந்த படைப்புக்கு அமெரிக்காவில் வெளியீட்டிலிருந்து 95 ஆண்டு. இங்கே தீர்ந்தது, அங்கே தீரவில்லை. நம் ஊர் மெட்டு, காசிமேட்டுக் குரல், தடை அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம்.

மிச்சம் 33 பாட்டு. சொந்த மெட்டு, அல்லது யாருடையது என்றே சொல்ல முடியாத பழைய மெட்டு. அவற்றில் அதிகம் பாடியவர் ஒருவர். இப்போது எழுபது தாண்டிவிட்டார், காசிமேட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். சித்தப்பாவின் கூட்டாளி என்பதால் எனக்கு மாமா. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு போனேன். கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள், இரண்டு கூட்ஸ் போகும்வரை வெயிலில் நின்றேன்.

பாட்டைப் போட்டதும் அவர் முதலில் தன் குரலைக் கேட்கவில்லை. “டேப்ப பாரு நைனா, எப்டி அடிக்கிறான் பாரு” என்றார். வாசித்தவர் இப்போது இல்லை. அப்புறம் நான் விஷயத்தைச் சொன்னேன்: இதைப் பொதுவில் விடலாமா, யாரும் கேட்கிற மாதிரி, எடுத்துக்கொள்கிற மாதிரி.

“பாரதியார் பாட்டு மாதிரியா?”

நல்ல கேள்வி. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் அரசாங்கம் வாங்கி நாட்டுடைமை ஆக்கியது. அதனால்தான் இன்றைக்கு யாரும் யாரையும் கேட்காமல் அச்சடிக்கிறார்கள், பாடுகிறார்கள். கல்கி, புதுமைப்பித்தன் என்று அந்த வரிசை நீண்டது. தமிழர்களுக்குப் பொது உரிமம் புதிது இல்லை. ஆனால் அங்கே அரசு பணம் கொடுத்து முழுசாக எடுத்துப் பொதுவில் விட்டது. நான் சொல்வது அது இல்லை மாமா, சொத்து உங்க பேரிலேயே இருக்கும், இன்ன இன்ன நிபந்தனையோடு வழி விடுகிறீர்கள், அவ்வளவுதான் என்றேன்.

அவருக்குப் பிடிபட்டது. “கெணறு நம்புள்து, தண்ணி மொண்டுக்கலாம்” என்றார். இப்படி நிபந்தனையோடு பொதுவில் விடுவதற்கான உரிமங்களை எழுதி வைத்திருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸை 2001-இல் தொடங்கியவர்கள் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருப்பார்களா தெரியவில்லை.

அந்த நிபந்தனைகளை அட்டை அட்டையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். பெயர் சொல்ல வேண்டும்: பிஒய். காசு பார்க்கக் கூடாது: என்சி. மாற்றக் கூடாது: என்டி. மாற்றினால் அதையும் இதே நிபந்தனையில் விட வேண்டும்: எஸ்ஏ. பாயில் நாலு அட்டையையும் பரப்பினேன். பெயர் அட்டையை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, அது இல்லாமல் பேச்சே இல்லை. அதோடு ஒரு திருத்தம்: “எம் பேரு மட்டும் இல்ல. டேப் அடிச்சவன், புல்புல்தாரா வாசிச்சவன், அவங்க பேரும் வரணும்.” எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது, வாசித்தவர்களும் சட்டத்தில் நிகழ்த்துநர்கள். அவர்களிடமும் கையெழுத்து வேண்டும்.

மாற்றக் கூடாது என்ற அட்டையை எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “கானாவ மாத்தாம பாடுனா அது கானாவா?” சரி. காசு அட்டையில்தான் அவரும் மகளும் ஒத்துப்போகவில்லை. அவருக்கு அது பொருட்டே இல்லை. மகள், எனக்கு அக்கா முறை, விடவில்லை. “நாளைக்கு சினிமாக்காரன் இத்த எடுத்துப் போட்டு கோடி கோடியா சம்பாரிப்பான். அப்பாவுக்கு பேரு மட்டும் போதுமா?” என்றார். என் ஆசை வேறு: விக்கிமீடியா காமன்ஸில் ஏற்ற வேண்டும், அங்கிருந்து தமிழ் விக்கிப்பீடியாவின் கானா கட்டுரைக்குள் போட வேண்டும். காமன்ஸ் என்சி நிபந்தனை உள்ள எதையும் ஏற்பதில்லை. அதைச் சொன்னேன். எஸ்ஏ இருந்தால் பாட்டை மாற்றி எடுக்கிறவன் தன்னுடையதையும் திறந்துவிட வேண்டும், பெரிய கம்பெனிகள் அதற்குப் பயந்தே தொடாது என்றும் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நீ யார் பக்கம் என்ற கேள்வி இருந்தது. நியாயம்தான். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. பிஒய்-என்சி-எஸ்ஏ என்று முடிவானது, பதிப்பு 4.0. இணையக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவில் அதை வைக்கலாம்.

ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் விலக்கு. குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாட்டு ஒன்றை மாமா தன் மெட்டில் பாடியிருக்கிறார், டேப் அடிப்பதும் அவரே. சூஃபிக் கவிஞரான மஸ்தான் சாகிபு 1838-இல் மறைந்தவர், ராயபுரத்தில் தர்கா இருக்கிறது. தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த ‘தொண்டியார்’ என்பதால்தான் தண்டையார்பேட்டைக்கு அந்தப் பெயர் என்று இங்கே சொல்வார்கள். வரிகளுக்கு எந்த ஊர்ச் சட்டத்திலும் உரிமை மிச்சமில்லை. “அவுரு பாட்ட வெச்சி நான் எப்டி காசு கேக்கறது?” என்றார் மாமா. அக்காவும் சரி என்றார். அந்த ஒன்று பிஒய்-எஸ்ஏ.

அடுத்தது கடிதம். இதில் நான் ஒரு முறை சறுக்கினேன். முதலில் எழுதிக்கொண்டு போனதில் ‘இந்தப் பாட்டுகளை இந்த உரிமத்தில் வெளியிடச் சம்மதிக்கிறேன்’ என்று இரண்டே வரி. கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பிறகுதான் 19-ஆம் பிரிவை ஒழுங்காகப் படித்தேன். எழுத்தில் இருக்க வேண்டும், எந்தப் படைப்பு என்று சொல்லியிருக்க வேண்டும், அது தெரியும். ஆனால் எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதி. இதெல்லாம் உரிமையை எழுதிக் கொடுப்பதற்கான விதி, ஆனால் 30ஏ பிரிவு இதையே உரிமத்துக்கும் பொருத்துகிறது. கிரியேட்டிவ் காமன்ஸின் சட்ட வாசகத்தில் உலகம் முழுக்க, உரிமைக் காலம் முழுக்க என்று இருக்கிறதுதான். இருந்தாலும் கையெழுத்துப் போடுகிறவர் படிக்கிற தாளில், அவருக்குப் புரிகிற தமிழில் அது இருக்கட்டும் என்று திருப்பி எழுதினேன்:

“கீழே உள்ள பாட்டுகளை எழுதியதும் மெட்டுப் போட்டதும் பாடியதும் நான். உலகத்தில் எந்த ஊரில் இருப்பவரும், பதிப்புரிமை உள்ள காலம் முழுக்க, இவற்றைக் கேட்கலாம், நகல் எடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றிப் பாடலாம். என் பெயரையும் வாசித்தவர்கள் பெயரையும் சொல்ல வேண்டும். காசு பார்ப்பதற்காகப் பயன்படுத்தக் கூடாது. அப்படிப் பயன்படுத்த நினைப்பவர் என்னிடமோ என் மகளிடமோ தனியாகக் கேட்க வேண்டும். மாற்றினால் அதையும் இதே நிபந்தனையில் விட வேண்டும். ஒரு வருஷத்துக்குள் யாரும் பயன்படுத்தாவிட்டாலும் இது காலாவதி ஆகாது. ஒரு தடவை கொடுத்த இந்த அனுமதியைத் திரும்ப வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.”

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். கடைசி வரியில் நின்றார். “திரும்ப வாங்கவே முடியாதா?” முடியாது. நாம் வலையில் இருந்து எடுத்துவிடலாம், ஆனால் அதற்குள் எடுத்தவர் கையில் இருப்பதைப் பிடுங்க முடியாது. “அப்ப ரெண்டு வாரம் கழிச்சி வா” என்றார். போனேன். மாமா கையெழுத்தை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார், தேதியோடு.

சித்திக்கும் அவர் பிள்ளைகளான தம்பி தங்கைக்கும் தனிக் கடிதம், பதிவின் உரிமைக்காக. “இதுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேணாமா? அட்வகேட்டு வேணாமா?” என்று சித்தி இரண்டு தடவை கேட்டார். வெள்ளைத் தாள் போதும் என்பதில் அவருக்குக் கடைசி வரை திருப்தி இல்லை. வாசித்தவர்களில் உயிரோடு இருப்பவர்களையும் இறந்தவர்களின் வாரிசுகளையும் தேடியதில், 33 பாட்டில் 19-க்குத்தான் எல்லாக் கையெழுத்தும் கூடியது. ஒரு புல்புல்தாராக்காரரின் மகன் எண்ணூர் பக்கம் போய்விட்டார் என்கிறார்கள், இன்னும் பிடிபடவில்லை. அவருக்காக ஆறு பாட்டு நிற்கிறது.

ஏற்றிய விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ஃப்ளாக் ஒன்று, போனில் கேட்க எம்பி3 ஒன்று. கோப்பின் பெயரிலேயே பாடியவர், இடம், வருஷம். கோப்புக்குள் இருக்கும் டேக்கில் பாடியவர், வாசித்தவர்கள், பதிந்தவர், உரிமத்தின் பெயர், முகவரி எல்லாம். கோப்பின் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், செல்போன் கடை மாற்றத்தான் செய்யும். உள்ளே இருக்கும் டேக்கை அழிக்க அவ்வளவு பேர் மெனக்கெட மாட்டார்கள் என்பது என் கணக்கு. காமன்ஸுக்குப் போன அந்த ஒரு பாட்டுக்கு, உரிமையாளரே மின்னஞ்சலில் அனுமதியை உறுதிசெய்ய வேண்டும். அக்காவின் மின்னஞ்சலிலிருந்து மாமா சொல்லச் சொல்ல அக்காவே தட்டச்சு செய்தார். சித்தியும் பிள்ளைகளும் தனியாக ஒன்று அனுப்பினார்கள். தன்னார்வலர் ஒருவர் இரண்டு சந்தேகம் கேட்டு, பதில் வந்ததும் முத்திரை வைத்தார். சினிமா மெட்டில் உள்ள 41 பாட்டும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன, ஒன்று என்னிடம், ஒன்று சித்தியிடம். இந்தத் தடவை பரணில்.

ஏற்றிய மூன்றாம் வாரம் வாட்ஸ்ஆப்பில் ஒரு பாட்டு எனக்கே திரும்பி வந்தது. கோப்பின் பெயர் போய், வாட்ஸ்ஆப் போட்ட நம்பர் மட்டும் இருந்தது. டேக்கைத் திறந்து பார்த்தேன். பெயர்கள் அப்படியே இருந்தன. மாமாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். “டேப் அடிச்சவன் பேரு?” என்றார். இருக்குது மாமா என்றேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஒன்பதாவது கேசட்டின் இரண்டாம் பக்கக் கடைசியில் நாலு நிமிஷத்துக்கு ஒரு குரல் வருகிறது. சின்னப் பையன், குரல் இன்னும் உடையவில்லை, வாத்தியம் எதுவும் இல்லை, தீப்பெட்டியைத் தட்டிக்கொண்டு பாடுகிறான். லேபிளில் ‘கல்மண்டபம், 1991’ மட்டும்தான். மாமாவுக்கும் தெரியவில்லை. போனில் போட்டு அங்கே இங்கே காட்டிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒருவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “இது நம்ம ஐஸ் பேக்டரில லோடு எறக்குவாரே, அவுரு மாதிரி இருக்குது. ஆனா அவுருக்கு இப்ப தொண்ட வேற” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு லோடு முடியுமாம். கடிதத்தில் பெயர் எழுதும் இடத்தை வெற்றாக விட்டு ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.